ஷோகேஸுக்குள் ஒரு திரையரங்குக் கணினி: நோட் 202 கேபினட் மதிப்புரை

தொலைக்காட்சிக்குக் கீழே, முன்பு டிவிடி பிளேயர் இருந்த இடத்தில் படுக்கைவசமாக வைத்துக்கொள்ளத்தக்க கேபினட்டுகள், அதாவது கணினியின் உதிரிகளைத் தாங்கும் பெட்டிகள், பல இருந்தாலும், மேசைக் கணினியின் வழக்கமான உதிரிகளையே பொருத்திக்கொள்ள இடம் தருபவை சிலவே. சுவீடனைச் சேர்ந்த ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட நோட் 202 அவற்றில் ஒன்று. அகலம் 377 மி.மீ., உயரம் 82 மி.மீ., ஆழம் ஏறத்தாழ 330 மி.மீ.; கொள்ளளவு 10.2 லிட்டர். மினி ஐடிஎக்ஸ் எனப்படும் 170-க்கு 170 மி.மீ. அளவுள்ள மதர்போர்டு மட்டுமே இதில் அமரும். படம் பார்ப்பதையும் பாட்டுக் கேட்பதையும் தவிர வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு கணினியை இந்தக் கேபினட்டில் நானே பொருத்தி, மதுரையில் ஒரு முழுக் கோடையையும் தாண்டிப் பயன்படுத்தி வருகிறேன். இந்தக் கேபினட், அதன் பொருட்டு வாங்க நேர்ந்த மற்ற உதிரிகள், நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் மின்தடைக்கும் இது ஈடுகொடுக்கும் விதம் ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இப்படியொரு கணினி யாருக்குத் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாதச் சந்தா கட்டி ஓடிடி தளங்களில் மட்டும் படம் பார்ப்பவர்களுக்கு, தொலைக்காட்சியில் செருகும் சிறிய ஸ்டிக்கே போதும், அதுதான் சிறந்ததும்கூட. பல தளங்கள் தங்கள் 4கே ஒளிபரப்பைக் கணினிக்குத் தருவதில் ஆயிரம் நிபந்தனை வைக்கின்றன. லினக்ஸ் நிறுவிய கணினியில் பிரவுசர் வழியாகப் பார்த்தால் நெட்ஃபிளிக்ஸின் 4கே கிடைப்பதே இல்லை. விண்டோஸிலும் ப்ராசசர், பிரவுசர், திரை ஆகிய மூன்றும் அவர்கள் கேட்கும் வகையில் இருந்தாக வேண்டும். 4கே புளூ-ரே வட்டுகளுக்கும் இதே நிலைதான்: அவற்றை முறைப்படி ஓட்டுவதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11-ஆம் தலைமுறை முதல் மேசைக் கணினி ப்ராசசர்களிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே சொந்தமாகச் சேர்த்து வைத்த படங்களும், இசைத் தொகுப்புகளும், குடும்ப வீடியோக்களும் வீட்டில் குவிந்து கிடப்பவர்களுக்கே இந்த முயற்சியில் பொருள் உண்டு.

மதுரைக் கடைகளில் மினி ஐடிஎக்ஸைவிடப் பெரிய ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவுப் பொருட்கள் எளிதில் கிடைக்கின்றன. மினி ஐடிஎக்ஸ் போர்டும், அதற்கேற்ற சிறிய எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) கேட்டால், சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாகவே சொல்கிறார்கள். நான் வழக்கமாக வாங்கும் கடையின் தம்பி, "அண்ணே, படம் பாக்கத்தான? மைக்ரோ ஏடிஎக்ஸ்ல போட்டா பாதி காசுல முடிஞ்சிரும்ல, எதுக்கு இந்தச் சின்னப் பெட்டி?" என்று கேட்டார். பாதி என்பது மிகை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆன மொத்தச் செலவில் கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. படத்தின் தரத்தை ஓர் இம்மியும் உயர்த்தாத இரண்டு பொருட்களுக்கு இவ்வளவு கொடுக்க மனம் ஒப்பவில்லையென்றால், தம்பியின் யோசனைதான் சரி. உதிரிகளைத் தனித்தனியாக வாங்கும்போது ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வது பின்னால் வாரண்டிக்கு உதவும்.

பெரிய கேபினட்டில் ப்ராசசரை முதலில் தீர்மானித்து, கேபினட்டைக் கடைசியில் வாங்குவது வழக்கம். சிறிய கேபினட்டில் அந்த வரிசை தலைகீழாகிறது. எல்லாவற்றையும் கேபினட்டின் உயரமே முடிவு செய்கிறது. நோட் 202-இல் ப்ராசசர் கூலருக்கு விடப்பட்டுள்ள உயரம் 56 மி.மீ. ஏஎம்டி தன் ப்ராசசர்களோடு தரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மி.மீ.; உள்ளே போகும், ஆனால் மேல்மூடிக்கும் ஃபேனுக்கும் இடையில் ஒரு காசைச் செருகும் இடைவெளியே மிஞ்சும். இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை ஐ3-யோடு வரும் கூலர் 50 மி.மீ.-க்கும் சற்றே குறைவு என்பதால் தாராளமாகப் பொருந்துகிறது. இன்வின் நிறுவனத்தின் ஷோபன் என்ற கேபினட் இதைவிட மிகச் சிறியது, கொள்ளளவு 3.3 லிட்டர்தான், எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அதில் கூலருக்கான உயரம் 43 மி.மீ. மட்டுமே, மேற்சொன்ன இரண்டு கூலர்களில் எதுவும் அதற்குள் அடங்காது. நாக்டுவா நிறுவனத்தின் 37 மி.மீ. உயரக் கூலர் போன்ற தட்டையான ஒன்றைத் தனியே வாங்கியாக வேண்டும். கேபினட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி அந்தக் கூலருக்கே போய்விடும் என்பதோடு, மே மாதத்து மதுரையில் இவ்வளவு சிறிய பெட்டிக்குள் சூட்டை அடைத்துவைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ப்ராசசரைப் பொறுத்தவரை, கடையில் முதலில் எடுத்துக் காட்டியது ரைசன் 5 5600ஜி. ஆறு கோர்கள் கொண்ட நல்ல ப்ராசசர். உள்ளடங்கிய கிராஃபிக்ஸும் வலுவானது. எனினும் அதில் ஏவி1 என்ற வடிவில் சுருக்கிய வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் (டீகோட் செய்யும்) வசதி இல்லை. யூடியூப் தன் உயர்தர வீடியோக்களில் கணிசமானவற்றை ஏவி1 வடிவத்தில் தருகிறது. அதை ப்ராசசரின் கோர்களே மென்பொருள் வழியாக விரிக்க நேர்ந்தால் சூடும் ஃபேன் சத்தமும் கூடும். 2022-இல் வந்த கோர் ஐ3-12100 நான்கு கோர்களே உடையது என்றாலும், அதன் யுஹெச்டி 730 கிராஃபிக்ஸ் ஏவி1, ஹெச்இவிசி 10-பிட், விபி9 ஆகிய மூன்று வீடியோ வடிவங்களையும் வன்பொருளிலேயே விரித்துவிடுகிறது. படம் பார்க்கும் கணினிக்கு இதுவே பொருத்தம். ஏஎம்டிதான் வேண்டுமென்பவர்கள் 8000ஜி வரிசைக்குப் போகலாம். அதில் ஏவி1 உண்டு.

மதர்போர்டில் கவனிக்க வேண்டியது ஹெச்டிஎம்ஐ துளையின் பதிப்பு. இந்த ப்ராசசருக்குப் பொருந்தும் விலை குறைந்த சில ஹெச்610 போர்டுகளில் ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டுமே தரப்படுகிறது. அதன் வழியாக 4கே படம் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் போகாது, ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ஹெச்டிஆர் கிடைக்காது. பெட்டியின் மேல் '4கே' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேம் 16 ஜிபி, எம்.2 எஸ்எஸ்டி 500 ஜிபி போட்டேன். இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பொருத்தும் வேலைக்கு வருகிறேன். போர்டைக் கேபினட்டுக்குள் வைத்த பிறகு கை நுழைய இடமிருக்காது என்பதால், ப்ராசசர், கூலர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி ஆகிய நான்கையும் வெளியிலேயே பொருத்தி, போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவது நலம். நோட் 202-இன் உட்புறம் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஒரு பக்கம் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும், மறு பக்கம் கிராஃபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் கேபினட்டின் பின்சுவரில் இல்லாமல் உள்ளே அமர்வதால், பின்பக்கத் துளையிலிருந்து அதற்கு ஒரு மின்கம்பி உள்ளேயே ஓடுகிறது. இதனால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சிறிய சுவிட்ச் மூடிய பிறகு கைக்கு எட்டாது. அதை 'ஆன்' நிலையில் வைத்த பின்னரே மூடிக்கு ஸ்க்ரூ போட வேண்டும். எஸ்எஃப்எக்ஸ் எனப்படும் சிறிய அளவு எஸ்எம்பிஎஸ்ஸே பொருந்தும். அதிலும் தேவையான கேபிள்களை மட்டும் செருகிக்கொள்ளும் மாடுலர் வகையை வாங்குவது கூடுதல் விலைக்குத் தகும். ஏனெனில் இந்தக் கேபினட்டில் உண்மையான போராட்டம் போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளோடுதான். தடித்து விறைத்த அந்தக் கேபிளை எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் மடித்து இறக்க வேண்டும். மடிப்பு சற்று உயர்ந்தாலும் கூலரின் ஃபேன் இதழில் உரசும். கேபிளைச் செருகுவதற்கு முன்பே, வளைய வேண்டிய இடத்தில் விரலால் அழுத்தி நன்றாகப் பழக்கிவிட்டு, இரண்டு இடங்களில் டேக் போட்டுக் கட்டினால் அது எழும்பாமல் கிடக்கிறது. போர்டின் மூலையில் செருகும், ப்ராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிளை, போர்டைத் திருகி இறுக்குவதற்கு முன் செருகிவிடுவது எளிது. காந்த முனை கொண்ட நீண்ட ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கேபினட்டின் பெரிய குறை இந்த இரட்டை அறை அமைப்பிலேயே இருக்கிறது. 120 மி.மீ. ஃபேன்கள் இரண்டு போடலாம் என்று விவரக்குறிப்பு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த இரண்டும் கிராஃபிக்ஸ் அறைக்கானவை. மதர்போர்டு அறைக்கென்று தனி ஃபேன் கிடையாது. மேல்மூடியின் துளைகள் வழியாக ப்ராசசர் கூலர் உறிஞ்சும் காற்றே அந்த அறைக்கு எல்லாம். விளையாட்டுக்காக கிராஃபிக்ஸ் கார்டு போடுபவர்களை மனதில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. என்னைப் போல் கார்டு போடாமல் விடுபவர்களுக்குப் பாதிக் கேபினட் காலியாகக் கிடக்க, மீதிப் பாதி மூச்சு வாங்குகிறது.

ஆகவே மேல்மூடிக்கு மேலே குறைந்தது நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தாக வேண்டும். இங்கேதான் நம் வீட்டு ஷோகேஸ்கள் இடறுகின்றன. ஆசாரி செய்யும் டிவி ஷோகேஸின் தட்டு பெரும்பாலும் ஓர் அடி ஆழம், அதாவது 305 மி.மீ.; கேபினட்டோ 330 மி.மீ., அதன் பின்னால் ஹெச்டிஎம்ஐ கேபிளும் மின்கம்பியும் மடங்க இன்னும் இரண்டு அங்குலம் வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் ஆசாரியிடம் பதினைந்து அங்குல ஆழம் கேட்டுக்கொள்வதும், பின்பலகையை அடைக்காமல் திறந்துவிடச் சொல்வதும் உசிதம். முன்னால் கண்ணாடிக் கதவு இருந்தால் கணினி ஓடும் நேரத்தில் அதைத் திறந்து வைக்க வேண்டும். கூடவே வரும் தாங்கியில் கேபினட்டைச் செங்குத்தாக நிறுத்திவிடுவது இன்னொரு வழி. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இடமிருந்தால் சூட்டுக்கு அதுவே மேல்.

சூட்டைக் குறைக்க நான் செய்த மற்றொரு காரியம், போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ப்ராசசரின் மின்வரம்பைக் கட்டியது. ஐ3-12100 சாதாரணமாக 60 வாட், உச்சத்தில் 89 வாட் வரை எடுக்கக்கூடியது. படம் விரிப்பதைத் தனி வன்பொருள் பார்த்துக்கொள்வதால் இந்த உச்சம் நமக்குத் தேவையே இல்லை. வரம்பை 45 வாட்டில் நிறுத்தி, ஃபேன் வேகம் சட்டென்று எகிறாமல் மெல்ல ஏறும்படி அமைத்துவிட்டேன். அக்கினி நட்சத்திரத்தின் பிற்பகலில், ஏசி இல்லாத கூடத்தில், 4கே படம் ஓடும்போது ப்ராசசரின் வெப்பம் அறுபது டிகிரியை ஒட்டியே நின்றது. அதன் எல்லை 100 டிகிரி என்பதால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. படத்தின் அமைதியான காட்சிகளில்கூட ஃபேன் சத்தம் தனியாகக் கேட்பதில்லை. மின்விசிறியின் ஓசையே அதை விழுங்கிவிடுகிறது. தூசிக்குக் காற்று நுழையும் வழிகளில் வலைகள் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. சாலையோர வீடுகளில் அந்த வலை விரைவிலேயே சாம்பல் நிறமாகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

மின்சாரம் தனிக் கதை. உலோகச் சட்டம் கொண்ட கேபினட்டைத் தொடும்போது விரலில் சுர்ரென்று லேசான உணர்வு வந்தால், பழுது கணினியில் அன்று. சுவரிலுள்ள சாக்கெட்டுக்கு எர்த் சரியாக வரவில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிக்கும் கெப்பாசிட்டர்கள் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், எர்த் இல்லாதபோது அந்தச் சிறு கசிவு நம் கை வழியாக இறங்கப் பார்க்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து இதைச் சரிசெய்த பிறகே ஆம்ப்ளிஃபயரோடு இணைக்க வேண்டும். ஸ்பீக்கரில் வரும் 'உம்' என்ற முனகலும் பல வீடுகளில் இதனால்தான், அல்லது உள்ளூர் கேபிள் டிவி வயரின் உறை வழியாக வருவதால்தான். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பார்க்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டருக்கும் இன்றைய எஸ்எம்பிஎஸ்களுக்கும் ஒத்துப்போவதில்லை. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் நிலை இருக்கும். அதில் வைத்தால், மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் கணத்தில் கணினி அணைந்து எழாமல் தொடர்ந்து ஓடுகிறது.

ஒலிக்கு, பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர் உள்ளவர்கள் கணினியை நேரே ரிசீவரில் இணைத்து அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போவது சிறந்தது. சவுண்ட்பார் மட்டும் உள்ளவர்கள் ஹெச்டிஎம்ஐ வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும், தொலைக்காட்சியின் ஏஆர்சி துளையை நம்ப வேண்டியிருக்கும். சாதாரண ஏஆர்சி, சுருக்கப்படாத ஒலியில் இரண்டு சேனலையே கடத்தும். டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்பினால்தான் ஆறு ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலி வரும். படங்களை இயக்க நான் பயன்படுத்தும் 'கோடி' மென்பொருளில் ஒலியை ஏசி3-ஆக, அதாவது டால்பி டிஜிட்டலாக, மாற்றி அனுப்பும் அமைப்பு ஒன்று உண்டு; அதை இயக்கிவிட்டால் போதும்.

ரிமோட் விஷயத்தில்தான் கணினி, ஐந்தில் ஒரு பங்கு விலையுள்ள ஸ்டிக்கிடம் தோற்கிறது. தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே மற்ற கருவியையும் இயக்கும் ஹெச்டிஎம்ஐ சிஇசி வசதி மேசைக் கணினி போர்டுகளில் பெரும்பாலும் இல்லை. ஃப்ளர்க் என்ற யூஎஸ்பி அகச்சிவப்பு வாங்கியைச் செருகி, வீட்டில் சும்மா கிடந்த பழைய டிவிடி பிளேயர் ரிமோட்டின் பொத்தான்களை அதற்குக் கற்றுக்கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்கள். டச்பேடோடு கூடிய சிறிய வயர்லெஸ் கீபோர்டு ஒன்றும் அவசரத்துக்கு இருக்கிறது. அதன் ரிசீவரைக் கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பி 3.0 துளையில், ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகக் கூடாது. யூஎஸ்பி 3.0 வழியாகத் தரவு பாயும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்புவதால், டிஸ்க் ஓடும் நேரம் பார்த்துக் கீபோர்டு திக்கும். பின்பக்கத்து யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து ஒரு சிறு நீட்டிப்புக் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இயங்குதளமாக, 'கோடி'யை இயக்குவதற்கென்றே அமைந்த லினக்ஸ் வகையான லிப்ரேஎலெக்கை நிறுவியிருக்கிறேன். அணைத்துப் போட்டால் நேரே 'கோடி' திரையில் எழும். அப்டேட் என்று சொல்லி நடுப்படத்தில் நிற்காது. இந்தக் கணினி தன் விலையை ஈட்டியது படங்களால் அன்று, கல்யாண வீடியோக்களால். 2000-களில் நம் ஊர்களில் எடுத்த திருமண டிவிடிகள் 720-க்கு 576 புள்ளிகளில், நொடிக்கு 25 ஃபிரேமாக, ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு புலங்களாகப் பிரிக்கப்பட்டுப் பதிவானவை. அவற்றை அப்படியே பெரிய திரையில் போட்டால், தாலி கட்டும்போது அசையும் கைகளின் ஓரமெங்கும் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். 'கோடி'யில் டீஇன்டர்லேஸ் அமைப்பை இயக்கி, படத்தின் வேகத்துக்கேற்பத் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றச் சொல்லிவிட்டால், தொலைக்காட்சி தானே 50 ஹெர்ட்ஸுக்கு மாறி, அந்தக் கோடுகள் மறைந்து அசைவு வழுவழுப்பாகிறது. அதே அமைப்பு, நொடிக்கு 24 ஃபிரேம் கொண்ட திரைப்படங்களுக்குத் திரையை 24 ஹெர்ட்ஸில் நிறுத்துவதால், கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் வரும் திக்கலும் போய்விடுகிறது. இந்த ஒரு வேலையை நான் பார்த்த ஸ்டிக் எதுவும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை.

நோட் 202-இல் டிவிடி டிரைவுக்கு இடமில்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கி, டிவிடிகளை எல்லாம் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டேன். பழைய வட்டுகளின் சாயம் வெளுத்து வருவதால் இதைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது. 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கும் கேபினட்டில் இடமில்லை, 2.5 அங்குலத்தில் இரண்டு பொருத்தலாம். தொகுப்பு பெரிதாகிவிட்டவர்கள் வெளி டிஸ்க்கையோ, மாடியறையில் லேன் கேபிளில் இணைத்த இன்னொரு பெட்டியையோதான் நாட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு போடப்போவதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், மதர்போர்டுக்கு மேல் ஃபேன் வைக்க இடமுள்ள வேறு தட்டைக் கேபினட் கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு நோட் 202-க்கு வரலாம். எதிர்காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக்காக ஒரு கார்டு சேர்க்கும் எண்ணம் இருந்தால், 310 மி.மீ. நீளக் கார்டு வரை ஏற்கும் இந்தக் கேபினட்டையே தயங்காமல் வாங்கலாம்.